கெட் என்றால் 'பெறு' இல்லீங்க!

மக்களே, இந்தத் தடவை ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல்லைப் பத்தித்தான் எழுதப் போறேன். ஆங்கிலத்துல எழுதினா மூணே எழுத்து. கெட். "மூணு எழுத்துக்கு இவ்வளவு நீளமா? செமஸ்டர் வருதே, காஸ்ட் அக்கவுன்டிங்கை யாரு படிக்கிறது?"ன்னு கேக்காதீங்க. காஸ்ட் அக்கவுன்டிங்ல அரியர் விழுந்தா அடுத்த செமஸ்டர்ல எழுதிக்கலாம். இந்த மூணு எழுத்துல விழுந்த அரியரை நம்ம பசங்க டிகிரி முடிச்ச பிறகும் சுமந்துட்டுத் திரியறாங்க. அந்தக் கடுப்புலதான் எழுதறேன்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

ஆறாங்கிளாஸ்ல இங்கிலீஷ் நோட்டுல நடுவுல ஒரு கோடு போடுவோம், ஞாபகம் இருக்கா? இடது பக்கம் ஆங்கில வார்த்தை, வலது பக்கம் தமிழ் அர்த்தம். கிவ் - கொடு. டேக் - எடு. கம் - வா. கெட் - பெறு. இதை அஞ்சஞ்சு தடவை எழுதி, அடுத்த நாள் ஒப்பிச்சு, ஒப்பிக்காதவன் பெஞ்சு மேல ஏறி நின்னு, இப்படியே வருஷம் ஓடிருச்சு. கைடு வாங்கினாலும் அதே கோடு. முப்பது நாள்ல சரளமா இங்கிலீஷ்னு போர்டு மாட்டின இடத்துல காசு கட்டிச் சேர்ந்தாலும் பெரும்பாலும் அதே கோடு.

நான் சொல்ல வர்றது இதுதான். 'கெட் - பெறு' ஒரு அர்த்தமே இல்லை. அது ஒரு முட்டுச்சந்து. அதுக்குள்ள நம்மளை அனுப்பிட்டு, வெளிய வரத் தெரியலைன்னா "தமிழ் மீடியம்தானே, அப்படித்தான் இருக்கும்"னு சொல்றாங்க. தமிழ் மீடியம் இதுக்குக் காரணம் இல்லை. சொல்லப்போனா, தமிழை ஒழுங்காப் பயன்படுத்தியிருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காது.

முதல்ல 'பெறு'வை எடுத்துக்கோங்க. நீங்க கடைசியா அந்த வார்த்தையை வாயால எப்பச் சொன்னீங்க? லீவ் லெட்டர்ல 'பெறுநர்' எழுதியிருப்பீங்க. தமிழ் வழி கணக்குப் பதிவியல் புத்தகத்துல 'பெறுபவர் கணக்கில் பற்று வை'ன்னு படிச்சிருப்பீங்க. பேச்சுல? "பெத்த அம்மா"ன்னு சொல்லுவோம், அது பிள்ளை பெறுறது. மாட்டுச் சந்தையில "இந்த மாடு அறுபதாயிரம் பெறும்"னு சொல்லுவாங்க, அது மதிப்பு. "அஞ்சு காசு பெறாது"ன்னு திட்டுவாங்க, அதுவும் மதிப்புதான். மத்தபடி, கையில ஒரு பொருள் வந்து சேர்ற அர்த்தத்துல நாம 'பெறு'ன்னு பேசறதே இல்லை. "கடைக்குப் போய் அரைக் கிலோ சர்க்கரை பெற்று வா"ன்னு எந்த வீட்டுலயாவது சொல்றாங்களா?

ஆங்கிலத்துல கெட் எப்படிப்பட்ட வார்த்தை? சமையக்கட்டுல, பஸ்ஸுல, கிரவுண்டுல, ஆபீஸ்ல, எங்கயும் வாயில வர்ற சாதாரண வார்த்தை. அதுக்கு நாம குடுத்த ஜோடி, கடிதத்துலயும் பாடப்புத்தகத்துலயும் மட்டும் உயிரோட இருக்கிற ஒரு வார்த்தை. அதனால என்ன ஆகுதுன்னா, பையன் மனசுல கெட்டுங்கிறது ஏதோ ஆபீஸ் வார்த்தையாப் பதிஞ்சு போகுது. அவசரத்துக்கு வாயில வர மாட்டேங்குது.

இப்ப ஒரு சின்னப் பரீட்சை. கீழ இருக்கிற வாக்கியங்கள்ல கெட் வர்ற இடத்துல 'பெறு' போட்டுப் பாருங்க.

'இட் இஸ் கெட்டிங் டார்க்.' இருட்டைப் பெற்றுக்கொண்டிருக்கிறது.
'ஹி காட் ஆங்கிரி.' அவன் கோபத்தைப் பெற்றான்.
'வீ காட் டு ஊட்டி அட் நைன்.' ஒன்பது மணிக்கு ஊட்டியைப் பெற்றோம்.
'ஐ டிடின்ட் கெட் தட் ஜோக்.' நான் அந்த நகைச்சுவையைப் பெறவில்லை.
'ஹி காட் காட்.' அவன் பிடிபடுதலைப் பெற்றான். (தமிழ்ல எழுதினா தவளை கத்துற மாதிரி இருக்கு. ஒண்ணு கெட்டோட இறந்தகாலம், இன்னொண்ணு கேட்ச்சோட இறந்தகாலம்.)

ஊட்டியைப் பெற்றோம்! யாரு எழுதிக் குடுத்தாங்களோ :-)

இதைப் பார்த்துட்டு நம்ம ஆளு ரெண்டுல ஒரு முடிவுக்கு வர்றான். ஒண்ணு, "இங்கிலீஷ் பைத்தியக்காரத்தனமான மொழி, ஒரு வார்த்தைக்கு நூறு அர்த்தம்." இல்லைன்னா, "எனக்கு மண்டையில ஏறாது." ரெண்டும் தப்பு.

முதல் முடிவைப் பார்ப்போம். ஒரு வினைக்கு நிறைய அர்த்தம் இருக்கிறது உண்மைதான். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைத் திருத்தி எழுதறவங்க 'ரன்'ங்கிற வினைக்கு மட்டும் 645 பொருள் பிரிச்சிருக்காங்கன்னு 2011-ல் செய்தி வந்துச்சு. அதுக்கு முன்னாடி நிறையப் பொருள்ல முதலிடம் 'செட்'டுக்கு. ஆனா இது இங்கிலீஷுக்கு மட்டும் வந்த வியாதியா? நம்ம 'எடு'வைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்க.

தீபாவளிக்கு கிராஸ்கட் ரோட்டுல துணி எடுக்கிறோம். அது வாங்குறது. மாசச் சீட்டுல மூணாவது மாசமே சீட்டு எடுத்துட்டாங்க. அது ஏலத்துல தள்ளிக் கேட்டுப் பணம் வாங்குறது. பொள்ளாச்சியில பொண்ணு எடுத்திருக்காங்க. அது கல்யாணம். பசி எடுக்குது. வாந்தி எடுக்கிறான். எண்பது மார்க் எடுத்தான். டைரக்டர் படம் எடுக்கிறாரு, பாம்பும் படம் எடுக்குது. வண்டியை எடு. முடிவு எடு. ரெஸ்ட் எடு. உங்களுக்கு இதையெல்லாம் யாராவது கோடு போட்ட நோட்டுல எழுதிக் குடுத்தாங்களா? 'எடு'வுக்கு இத்தனை அர்த்தம்னு யோசிச்சு என்னைக்காவது தலை சுத்திச்சா? 'போடு', 'அடி', 'விடு', 'பிடி'ன்னு இன்னும் எத்தனையோ கிடக்கு. சட்டை போடு, சோறு போடு, ஊசி போடு, ஓட்டுப் போடு, சண்டை போடு, கோலம் போடு, நாய் குட்டி போடும். வெயில் அடிக்குது, பெயிண்ட் அடிக்கிறான், காப்பி அடிக்கிறான், லாட்டரி அடிச்சுது. இவ்வளவையும் சர்வ சாதாரணமா வெச்சிருக்கிற மூளைக்கு ஒரு கெட் ஏறாதா?

ரெண்டாவது முடிவுக்குப் பதில் திருப்பூர்ல இருக்கு. பீகார்ல இருந்தோ ஒடிசாவுல இருந்தோ பனியன் கம்பெனி வேலைக்கு வர்றவரைப் பாருங்க. அவர் கையில யாரும் அகராதி குடுக்கிறதில்லை. வந்த உடனே கைமடி வேலை. காதுல விழுறது எல்லாம், "அந்தக் கட்டை இங்க எடுத்துப் போடு", "லைட்டைப் போடு", "ஃபேனைப் போடு", "இதுக்கு ஓவர்லாக் அடி". 'போடு'ன்னா இதுதான்னு அவருக்கு யாரும் ஒத்தை அர்த்தம் சொல்லலை. வேலை நடக்கிற இடத்துல முழு வாக்கியமாக் கேட்டாரு, கையால செஞ்சாரு. கொஞ்ச மாசத்துல "அண்ணா, சம்பளம் போட்டாச்சா?"ன்னு அவரே கேக்கறாரு. பேங்க்ல பணம் வர்றதுக்கு 'போடு'ன்னு சொல்லணும்னு எந்தப் புத்தகத்துல படிச்சாரு? பத்தாவதுகூட முடிக்காத ஒருத்தர் கொஞ்ச மாசத்துல தமிழ் 'போடு'வைப் பிடிச்சிடறாரு. பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷ் படிச்ச நமக்கு கெட் பிடிபடலை. அப்ப கோளாறு மண்டையிலயா, சொல்லிக் குடுத்த முறையிலயா?

இப்ப கெட்டுக்கு வருவோம். தமிழ்ல இதுக்கு ஒரு வார்த்தை இல்லை. ஆனா ஒரு கணக்கு இருக்கு. பாருங்க:

எனக்குக் காய்ச்சல் இருக்கு: 'ஐ ஹேவ் ஃபீவர்.'
எனக்குக் காய்ச்சல் வந்துருச்சு: 'ஐ காட் ஃபீவர்.'

இருட்டா இருக்கு: 'இட் இஸ் டார்க்.'
இருட்டாயிருச்சு: 'இட் காட் டார்க்.'

ஊட்டியில இருக்கோம்: 'வீ ஆர் இன் ஊட்டி.'
ஊட்டி வந்து சேர்ந்துட்டோம்: 'வீ காட் டு ஊட்டி.'

எனக்கு வேலை இருக்கு: 'ஐ ஹேவ் எ ஜாப்.'
எனக்கு வேலை கிடைச்சிருச்சு: 'ஐ காட் எ ஜாப்.'

புரியுதா? 'இருக்கு'ங்கிற நிலைமைக்கு வந்து சேர்ற அந்தக் கணம்தான் கெட். கையில இல்லாதது கைக்கு வர்றது, ஒரு மாதிரி இருந்தது வேற மாதிரி ஆகுறது, ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்குப் போய்ச் சேர்றது, எல்லாமே 'இல்லை'யில இருந்து 'இருக்கு'க்கு வர்றதுதான். நம்ம காமர்ஸ் பாஷையில சொல்லணும்னா ஹேவ், பி எல்லாம் பேலன்ஸ் ஷீட். மார்ச் 31 அன்னைக்கு என்ன இருக்குன்னு சொல்றது. கெட் ஜர்னல் என்ட்ரி. அது எப்ப, எப்படி உள்ள வந்துச்சுன்னு சொல்றது. 'ஐ ஹேவ் காட் எ பைக்'னு ரெண்டையும் சேர்த்துச் சொன்னா "பைக் வாங்கி வெச்சிருக்கேன்", அதாவது இருக்குன்னு அர்த்தம். வாங்கினதோட மிச்சம்தானே க்ளோசிங் பேலன்ஸ்!

இன்னொண்ணையும் கவனிங்க. 'எனக்கு'ன்னு ஆரம்பிக்கிற தமிழ் வாக்கியங்கள்ல பாதிக்கு மேல கெட் வந்து உட்கார்ந்துக்கும். எனக்குக் கோவம் வந்துச்சு, எனக்கு லெட்டர் வந்துச்சு, எனக்கு சீட் கிடைச்சுது, எனக்குப் புரிஞ்சிருச்சு. தமிழ்ல 'எனக்கு'ன்னு போட்டுட்டு விஷயம் தானா வர்ற மாதிரிச் சொல்லுவோம். ஆங்கிலத்துல 'ஐ'ன்னு ஆளை முன்னாடி நிறுத்தி 'காட்'னு சொல்லுவாங்க. இந்த ஒரு விஷயத்தைச் சொல்லிக் குடுக்காததாலதான் 'ஃபீவர் கேம் டு மீ'ன்னு பசங்க எழுதறாங்க. உடனே கிளாஸே சிரிக்குது. அந்தப் பையன் முட்டாள்தனமா எதையும் எழுதலை. தமிழ் வாக்கியத்தோட எலும்பை அப்படியே ஆங்கிலத்துல நிறுத்தியிருக்கான். எலும்பை எங்க மாத்திக் கட்டணும்னு சொல்ல வேண்டியவங்க சொல்லலை, அவ்வளவுதான்.

அப்புறம் நம்ம 'வாங்கு'. கெட்டுக்கு ரொம்ப நெருங்கின சொந்தக்காரன் இவன்தான். டீ வாங்கிட்டு வா, மார்க் வாங்கினேன், திட்டு வாங்கினேன், அடி வாங்கினான், பேர் வாங்கினான், எல்லாத்துக்கும் கெட் சரியா வரும். ஒரே ஒரு எச்சரிக்கை, காசு குடுத்ததை அழுத்திச் சொல்லணும்னா அங்க 'பை'. 'ஐ காட் மை ஹேர் கட்'னா "முடி வெட்டிக்கிட்டேன்". அந்த 'கிட்டேன்'ல இருக்கு கெட். 'கெட் ஹிம் டு சைன்'னா "அவரைக் கையெழுத்துப் போட வை". அந்த 'வை'யில இருக்கு கெட். 'ஹி காட் காட்'னா "மாட்டிக்கிட்டான்". எல்லாத்துக்கும் தமிழ்ல கச்சிதமா ஆள் இருக்கு. 'கெட் லாஸ்ட்'டுக்கு மட்டும் இதுவரைக்கும் யாரும் நோட்ஸ் கேட்டதில்லை. "தொலைஞ்சு போ"ன்னு நாமளும் அதையேதானே சொல்றோம் :-)

இதுல என்ன பெரிய நஷ்டம், ஒரு வார்த்தை தெரியலைன்னா குடி முழுகிப் போகுமான்னு கேக்கலாம். முழுகுது.

பி.காம் கடைசி வருஷத்துல ப்ளேஸ்மென்ட்டுக்கு வர்ற கம்பெனிகளைப் பாருங்க. சரவணம்பட்டி பக்கம் ஐ.டி. கம்பெனி, அக்கவுன்ட்ஸ் வேலை செய்ற பி.பி.ஓ., திருப்பூர் எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல மெர்ச்சன்டைசிங். எல்லாத்துலயும் முதல் சல்லடை பேச்சு. குரூப் டிஸ்கஷன்ல அன்னூர்ப் பக்கமோ காரமடைப் பக்கமோ அரசுப் பள்ளியில படிச்சு வந்த பையன் வாயையே திறக்க மாட்டான். பார்ட்னர்ஷிப் கணக்குல அவனை அடிச்சுக்க ஆள் இருக்காது. பாஸ் மார்க்குக்கு அல்லாடற ஒருத்தன் 'யூ கெட் வாட் ஐ மீன்'னு ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷம் ஒண்ணுமில்லாததைப் பேசிட்டு செலக்ட் ஆயிடுவான்.

இதுல வேடிக்கை என்னன்னா, பேசாம உட்கார்ந்திருக்கிற பையனுக்கு 'அக்வயர்' தெரியும். 'அப்டெயின்' தெரியும். 'ப்ரொக்யூர்' தெரியும். காமர்ஸ் புத்தகத்துல எல்லாம் இருக்கே. பெரிய வார்த்தை எல்லாம் இருக்கு, அதைக் கோர்க்கிற சின்ன வார்த்தைங்க இல்லை. வீட்டுல ஆயிரம் ரூபா நோட்டா வெச்சிருந்து பஸ்ஸுக்குச் சில்லறை இல்லாதவன் நிலைமை. (அந்த நோட்டும் 2016-ல் செல்லாமப் போச்சு!) 'வீ வில் கெட் பேக் டு யூ'ன்னு எச்.ஆர். சொன்னா, கெட்டுன்னா பெறு, பேக்னா திரும்ப, அப்ப திரும்பப் பெறுவாங்கன்னு குழம்பறான். "அப்புறமாச் சொல்றோம்"னுதான் அர்த்தம். (அனுபவத்துல, "நீ கிளம்பலாம்"னு அர்த்தம். அது வேற கதை.)

இதுக்கு யார் பொறுப்பு? எனக்குத் தெரிஞ்சு ரெண்டு கோஷ்டி.

முதல் கோஷ்டி, மனப்பாடக் கோஷ்டி. பரீட்சையில பொருள் சொல், எதிர்ச்சொல்னு ஒத்தை வார்த்தைக்கு ஒத்தை வார்த்தை கேள்வி வரும். மார்க் அங்க உறுதி. அதனால கடினமான வார்த்தையா ஒப்பிக்க வை, கெட், புட், டேக் எல்லாம் "சின்னப் பசங்க வார்த்தை", தாண்டிப் போ. ஆங்கிலம் பேசறவங்க நாள் முழுக்கப் புழங்கறது அந்தச் சின்னப் பசங்க வார்த்தையைத்தான்னு இவங்களுக்குத் தோணவே இல்லை.

ரெண்டாவது கோஷ்டி இதுக்கு நேர் எதிர். தமிழே காதுல விழக் கூடாதுங்கிற கோஷ்டி. வகுப்புல தமிழ்ல பேசினா ஃபைன் போட்ட கதையை மெட்ரிகுலேஷன்ல படிச்ச நம்ம கிளாஸ்மேட்டுகள்ல பல பேர் சொல்லுவாங்க. 2012-13-லிருந்து அரசுப் பள்ளிகள்லயும் ஆங்கில வழிப் பிரிவுகள் வந்துருச்சு. மீடியத்தை மாத்தினா மொழி வந்துரும்னு ஒரு நம்பிக்கை. வீட்டுலயும் தெருவுலயும் இங்கிலீஷ் கேக்காத குழந்தைக்கு, தமிழையும் பிடுங்கிட்டா மிச்சம் என்ன? ஆங்கில வழியில அறிவியல் பதிலை மனப்பாடம் பண்ணத் தெரியும், "அம்மா, எனக்குப் பசி எடுக்குது"ன்னு ஆங்கிலத்துல சொல்லத் தெரியாது. 'ஐ அம் கெட்டிங் ஹங்ரி', அவ்வளவுதான்!

முதல் கோஷ்டி தமிழைத் தப்பாப் பயன்படுத்துது. ரெண்டாவது கோஷ்டி தமிழைத் தூக்கிப் போடுது. சரியாப் பயன்படுத்தலாமேன்னு கேக்க ஆளில்லை.

நான் ஏதோ புதுசாக் கண்டுபிடிச்ச மாதிரி பீத்திக்கலை. இதெல்லாம் பழைய சரக்கு. 1930-ல் சி.கே. ஆக்டன்ங்கிற இங்கிலாந்துக்காரர் 'பேசிக் இங்கிலீஷ்'னு ஒரு திட்டம் போட்டாரு. மொத்தம் 850 சொல், அதுல வினைகள் வெறும் 18. கெட், கிவ், கோ, கம், டேக், புட், கீப், லெட், மேக் மாதிரி. இந்தப் பதினெட்டை வெச்சே கிட்டத்தட்ட எல்லாத்தையும் சொல்லிடலாம்ங்கிறது அவர் வாதம். அவர் சொன்னது அத்தனையும் சரின்னு நான் சொல்லலை. ஆனா அந்தப் பதினெட்டுல கெட் இருக்கு, ப்ரொக்யூர் இல்லை.

டாக்காவுல ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வரா இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காளத்துப் பசங்களுக்கு இங்கிலீஷ் ஏன் ஏற மாட்டேங்குதுன்னு ஆராய்ச்சி பண்ணினவரு. 1953-ல் அவர் தொகுத்த 'ஜெனரல் சர்வீஸ் லிஸ்ட்'ல சுமார் 2,000 சொல். சொல் மட்டும் இல்லை, ஒவ்வொரு சொல்லும் எந்த அர்த்தத்துல எத்தனை சதவீதம் வருதுன்னு பிரிச்சுக் காட்டியிருந்தாரு. அதாவது எந்த அர்த்தத்தை முதல்ல சொல்லிக் குடுக்கணும்னு வாத்தியாருக்குத் தெரியணும். அதெல்லாம் அப்பவே யோசிச்சிட்டாங்க. நம்ம நோட்டுல இன்னும் கோடுதான்.

நம்ம மாநிலத்துக்கே வருவோம். 1950-களோட கடைசியில மெட்ராஸ்ல ஒரு பெரிய முயற்சி நடந்துச்சு. ஆரம்ப நிலை ஆங்கிலம் சொல்லித் தர்ற 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தர்றது இலக்கு. முதல்ல கொஞ்சப் பேருக்குச் சொல்லிக் குடுத்து, அவங்க இன்னும் கொஞ்சப் பேருக்குச் சொல்லிக் குடுத்து, உருட்ட உருட்டப் பெருசாகிற பனிப்பந்து மாதிரிங்கிறதால 'மெட்ராஸ் ஸ்னோபால்'னு பேரு வந்துச்சு. தனி வார்த்தையா இல்லாம வாக்கிய அமைப்பாச் சொல்லித் தரணும்ங்கிறதுதான் அதோட அடிப்படை. பிறகு 1979-லிருந்து 1984 வரைக்கும், மெட்ராஸ் பிரிட்டிஷ் கவுன்சில்ல இருந்த என்.எஸ். பிரபு தென்னிந்தியப் பள்ளிகள்ல ஒரு பரிசோதனை நடத்தினாரு. 'பெங்களூர் புராஜெக்ட்'னு உலகம் முழுக்க ஆங்கிலம் சொல்லித் தர்ற படிப்புல இன்னைக்கும் பேசறாங்க. இலக்கணம் ஒப்பிக்கிறது இல்லை. ரயில்வே டைம் டேபிளைக் குடு, மேப்பைக் குடு, கணக்குப் போட வை, வழி கண்டுபிடிக்க வை. மூளை வேலையில இருக்கும்போது மொழி தானா உள்ள போகும். திருப்பூர் பனியன் கம்பெனியில நடக்கிறதும் அதேதானே? உலகத்துக்கே பாடம் சொன்ன பரிசோதனை நம்ம பக்கம் நடந்திருக்கு, அது நம்ம வகுப்புக்கு வந்து சேரலை. இட் டிடின்ட் கெட் ஹியர். (பார்த்தீங்களா, இங்கயும் கெட்!)

தமிழ்ப் பக்கமும் வழி இருக்கு. 1992-ல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைக் கல்லூரி லைப்ரரியில இருந்தா எடுத்து 'எடு', 'போடு', 'வாங்கு' பாருங்க. ஒவ்வொரு பொருளையும் தனியாப் பிரிச்சு, நாம நிஜமாப் பேசற மாதிரி எடுத்துக்காட்டு வாக்கியம் குடுத்திருப்பாங்க. ஒரு வினையை எப்படிப் பார்க்கணும்னு அதைவிடத் தெளிவாக் காட்ட முடியாது. இங்கிலீஷ் வாத்தியாருக்கே முதல்ல அதைத்தான் குடுக்கணும்னு நான் சொல்லுவேன்.

இனி எதிர்க்கேள்விகள்.

"தமிழ்ல சொல்லிக் குடுத்தா பசங்க தமிழ்லயே யோசிப்பாங்க." யோசிக்கத்தான் செய்வாங்க, நீங்க ஃபைன் போட்டாலும் யோசிப்பாங்க. மனசுக்குள்ள நடக்கிறதுக்கு யாரும் ஃபைன் போட முடியாது. வார்த்தைக்கு வார்த்தை மாத்தினாத்தான் ஊட்டியைப் பெறுவோம். வாக்கியத்துக்கு வாக்கியம் மாத்தினா ஊட்டி போய்ச் சேர்ந்துடலாம்.

"நல்ல எழுத்துல கெட் போடக் கூடாது, அது கொச்சை." எழுத்துல 'ரிசீவ்', 'பிகம்' போடுங்க, யாரு வேண்டாம்னா? பேசவே வராதவன்கிட்ட எழுத்து நாகரிகம் பேசறது, நடக்கவே பழகாத குழந்தைக்கு ஷூ பாலிஷ் பத்திப் பாடம் எடுக்கிற மாதிரி.

"இப்பத்தான் போன்லயே மொழிபெயர்ப்பு வருதே, ஏ.ஐ. இருக்கே." இருக்கு. முழு வாக்கியத்தைக் குடுத்தா நல்லாவே மொழிபெயர்க்குது, ஏன்னா அது கோடு போட்ட நோட்டை வெச்சுப் படிக்கலை, மலை மலையா வாக்கியங்களை வெச்சுப் படிச்சிருக்கு! மெஷினுக்குக்கூட வாக்கியமாத்தான் சொல்லித் தர்றோம், மனுஷப் பையனுக்குத்தான் ஒத்தை வார்த்தை. தவிர, இன்டர்வியூவுல எதிர்ல இருக்கிறவர் கேள்வி கேட்டா போனை எடுத்துப் பார்க்க முடியாதுங்க.

"அறுபது பசங்க இருக்கிற வகுப்புல இதுக்கெல்லாம் ஏது நேரம்?" இது நியாயமான கேள்வி. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் படற பாடு தெரியும், அவங்களைக் குத்தம் சொல்ல நான் வரலை. ஆனா கெட் - பெறுன்னு அஞ்சு தடவை எழுத வைக்கிறதுக்கு நேரம் இருந்துச்சே. அதே நேரத்துல "எனக்குப் பசி எடுக்குது, லெட்டர் வந்துச்சு, இருட்டாயிருச்சு, வீடு வந்து சேர்ந்தேன், புரிஞ்சிருச்சு"ன்னு அஞ்சு வாக்கியம் சொல்ல வைக்கலாம். கூடுதல் நேரமும் வேண்டாம், கூடுதல் செலவும் வேண்டாம். வலது பக்கத்துல ஒத்தை வார்த்தைக்குப் பதிலா நம்ம வீட்டுல பேசற வாக்கியம். அவ்வளவுதான் நான் கேக்கிறது. அப்புறம், பரீட்சை வினாத்தாள் தயாரிக்கிறவங்க, வாக்கியத்துக்குள்ள வெச்சு நாலு சின்ன வினையைக் கேக்கட்டும். மார்க் எங்க இருக்கோ அங்கதான் பாடம் நடக்கும், நமக்குத் தெரியாததா?

கிளாஸ்மேட்டுகளே, அதுவரைக்கும் நாம காத்திருக்க வேண்டியதில்லை. ஆக்டனோட பதினெட்டுல இருந்து கெட், டேக், புட், கிவ், கீப், மேக், லெட்னு ஏழை மட்டும் எடுத்துக்கோங்க. ஒரு வினைக்கு ஒரு வாரம். ஒவ்வொண்ணுக்கும் உங்க வீட்டுலயும் டவுன் பஸ்லயும் கேக்கிற தமிழ் வாக்கியம் பத்து. அந்தப் பத்துக்கும் ஆங்கிலம் எழுதி, நாலு பேரா உட்கார்ந்து வாய் விட்டுப் பேசுங்க. தப்பா வந்தா சிரிக்காம திருத்துங்க. இங்கிலீஷ் மீடியத்துல இருந்து வந்தவங்க கூட உட்காருங்க, உங்க காதுல ஏற்கனவே விழுந்தது இவங்களுக்கு விழலை, வேற வித்தியாசம் ஒண்ணும் இல்லை. பதிலுக்கு அவங்க உங்களுக்கு பார்ட்னர்ஷிப் கணக்கு சொல்லித் தருவாங்க.

அடுத்த தடவை யாராச்சும் "கெட்டுன்னா தமிழ்ல என்ன?"ன்னு கேட்டா, சட்டுனு ஒரு வார்த்தையைச் சொல்லிடாதீங்க. "எந்த வாக்கியத்துலங்க?"ன்னு திருப்பிக் கேளுங்க. அந்த ஒரு கேள்வியைக் கேக்கப் பழகினா பாதி இங்கிலீஷ் வந்த மாதிரி.

இதுக்கு மேலயும் "கெட்டுன்னா பெறுதான், அதுதான் புத்தகத்துல இருக்கு"ன்னு சொல்றவங்களுக்கு என் பதில் அதே வினையிலயே இருக்கு. அதுக்கு நோட்ஸ் தேவைப்படாதுன்னு மேலயே சொல்லிட்டேன் :-)